சாவி ஆருட கையில்? – சிறைக்காவலரும் கைதியும்: ஆளுமை பற்றிய ஆய்வுகள் சொல்வது

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில், அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் முன்றலில் நின்றிருந்தேன். என்னிடம் படித்த ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். இப்போது அவர் சிறைச்சாலை ஒன்றில் காவலர். வேலை எப்படி என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "உள்ளுக்குப் போனா எல்லாரும் ஒரே மாதிரித்தான் ஸேர். சாவி ஆருட கையில எண்டதுதான் வித்தியாசம்."

அதே வாரத்தில் ஒரு தாய் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் போதைப்பொருள் வழக்கொன்றில் விளக்கமறியலில் இருக்கிறார். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்றார். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ட புள்ள கெட்டவனில்ல ஸேர். நீங்க படிப்பிச்ச புள்ளதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. அந்த இருவரும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். என் பழைய குறிப்புப் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். இன்று சீருடை அணிந்திருப்பவரைப் பற்றி அன்று நான் எழுதியிருந்தது: "அடங்காதவர், சிறுவர்களுடன் முரட்டுத்தனம்." இன்று கம்பிக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றி எழுதியிருந்தது: "அமைதியானவர், பண்பானவர்."

இருபக்கத்தில் இருப்பவர்களையும் பிரிப்பது குணமா, இல்லை வேறு ஏதாவதா? ஊரில் இதற்கு உடனடிப் பதில் உண்டு. "வளர்ப்பு சரியில்ல", "சேர்க்கை சரியில்ல" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவோம். நான் உளவியல் படித்தவன் அல்லன், தமிழ் ஆசிரியன். ஆயினும் அந்தத் தாயின் கேள்வி என்னை விடவில்லை. இந்த விடயத்தில் ஆய்வாளர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். வாசித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

குணத்தை அளப்பதில் உள்ள சிக்கல்

குற்றம் செய்பவர்களின் ஆளுமை தனியானது என்ற கருத்தை விஞ்ஞான மொழியில் வலுவாக முன்வைத்தவர் ஐசென்க். 1964இல் வெளிவந்த 'குற்றமும் ஆளுமையும்' என்ற அவருடைய நூல் பல தசாப்தங்கள் பேசப்பட்டது. புறமுக இயல்பு, உணர்ச்சித் தளம்பல் என்ற இரு அளவுகோல்களை அவர் வைத்தார். பின்னர் இரக்கக் குறைவையும் முரட்டு மனத்தையும் குறிக்கும் மூன்றாவது அளவுகோலையும் சேர்த்தார். குற்றவாளிகள் இம்மூன்றிலும் கூடுதலான புள்ளி பெறுவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதன்பின் செய்யப்பட்ட ஆய்வுகளில் மூன்றாவது அளவுகோல் ஓரளவு தொடர்ந்து நிலைத்தது. முதலாவது நிலைக்கவில்லை, முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக வந்தன.

ஏன் முரண் என்பதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம் எளிமையானது, ஆனால் ஆழமானது. புறமுக இயல்பை அளக்க, வெளியே போய் நாலு பேருடன் கலகலப்பாகப் பழக விருப்பமா என்ற வகையில் கேள்வி கேட்பார்கள். பூட்டிய அறைக்குள் இருப்பவன் அதற்கு என்ன பதில் எழுதுவான்? அங்கே அளக்கப்படுவது அவனுடைய குணமா, அவன் இருக்கும் அறையா?

காவலர்களையும் கைதிகளையும் ஒப்பிடும் எந்த ஆய்விலும் இந்தச் சிக்கல் உண்டு. கூடவே இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, இரு பக்கத்தாரும் உள்ளே வந்த வழி வேறு. காவலர் விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றி, தெரிவாகி வந்தவர். கைதி பிடிபட்டு வந்தவர். பிடிபடாத குற்றவாளிகள் அந்தக் கணக்கில் இல்லை. குற்றம் செய்யாமல் பிடிபட்டவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். நமது நாட்டுச் சிறைகளில் இருப்போரில் பெரும்பான்மையினர் தீர்ப்புப் பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியலில் வைக்கப்பட்டவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். 'கைதி' என்பது ஒரு குணத்தின் பெயர் அல்ல. ஒரு சட்ட நிலையின் பெயர்.

இரண்டாவது, இரு பக்கத்தாரும் வினாத்தாளுக்கு முன்னால் நல்லவராகத் தோன்ற விரும்புகிறவர்களே. ஒருவருக்கு வேலை வேண்டும். மற்றவருக்கு விடுதலை வேண்டும்.

ஆகவே, சரியாக ஒப்பிடவேண்டுமானால் ஒரே மாதிரியான ஆட்களை எடுத்து, ஒரு பாதியைக் காவலராகவும் மறுபாதியைக் கைதியாகவும் ஆக்கிப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு பரிசோதனை நடந்தது.

1971: நாணயம் சுண்டிப் பிரித்த இரு பகுதியினர்

1971 ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில், உளவியல் பேராசிரியர் பிலிப் ஸிம்பார்டோ ஒரு பத்திரிகை விளம்பரம் கொடுத்தார். சிறை வாழ்க்கை பற்றிய ஆய்வுக்கு ஆண் மாணவர்கள் தேவை. நாளொன்றுக்கு 15 டொலர். 70க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அவர்களுள் உடலாலும் மனதாலும் சீரானவர்கள் என்று கண்ட 24 பேர் தெரிவானார்கள். யார் காவலர், யார் கைதி என்பது நாணயம் சுண்டியது போலத் தற்செயலாகத் தீர்மானிக்கப்பட்டது.

எனக்கு முக்கியமாகப்பட்டது அடுத்த விடயம். பரிசோதனை தொடங்குமுன் எல்லோருக்கும் ஆளுமைச் சோதனைகள் வைக்கப்பட்டன. அதிகாரத்துக்குப் பணியும், அதிகாரத்தைச் செலுத்தவும் விரும்பும் மனப்பான்மையை ஒரு சோதனை அளந்தது. பிறரைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்தும் தந்திர மனத்தை இன்னொன்று அளந்தது. நம்பகம், ஒழுங்கு, உணர்ச்சி உறுதி, பிறர் துயரை உணர்தல் முதலியவற்றை மூன்றாவது அளந்தது. முடிவு: காவலராகப் போகிறவர்களுக்கும் கைதியாகப் போகிறவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளம் சிறையாக்கப்பட்டது. காவலருக்குக் காக்கிச் சீருடை, பொல்லு, விசில், பார்ப்பவரின் முகமே தெரியும் கண்ணாடி. கைதிக்கு அங்கி, காலில் சங்கிலி, பெயருக்குப் பதில் இலக்கம். இரண்டாம் நாளே கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். காவலர்கள் அதை அடக்கினர். அதன்பின் தண்டனைகள் கூடின. நித்திரையைக் குலைத்தார்கள், அவமானப்படுத்தினார்கள், இலக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். கைதிகளில் ஐவரை இடையிலேயே விடுவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது ஆறு நாளில் நிறுத்தப்பட்டது. அங்கே வந்து பார்த்த கிறிஸ்டினா மஸ்லாக் என்ற இளம் ஆய்வாளர், இந்தப் பையன்களுக்குச் செய்வது அநியாயம் என்று ஸிம்பார்டோவிடம் முகத்துக்கு நேரே சொன்னதுதான் நிறுத்தியதற்கு முக்கிய காரணம்.

காவலர்கள் எல்லோரும் கொடியவர்களாகிவிடவில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கொடூரமாக நடந்தனர். இன்னொரு பங்கினர் கண்டிப்பாக, ஆனால் விதிப்படி நடந்தனர். எஞ்சியோர் கைதிகளுக்குச் சிறு உதவிகளும் செய்தனர். ஆனால் அந்த நல்ல காவலர்கள், கொடுமை செய்த சக காவலரை ஒருமுறையேனும் தடுக்கவில்லை.

குணத்துக்கு அங்கே வேலையே இல்லையா என்றால், ஓரிடத்தில் இருந்தது. இறுதிவரை தாங்கி நின்ற கைதிகள், இடையில் விடுவிக்கப்பட்டவர்களை விட அதிகாரத்தை மதிக்கும் மனப்பான்மையில் கூடிய புள்ளி பெற்றிருந்தார்கள். கட்டளைக்குக் கீழ் வாழப் பழகிய மனம் சிறையைத் தாங்கிக்கொண்டது. நல்ல கைதி என்று நாம் சொல்வது சிலவேளை இதைத்தான். நான் "அமைதியானவர், பண்பானவர்" என்று எழுதியதை நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தொந்தரவு தராததைப் பண்பு என்று எழுதிவிட்டேனோ?

அந்தப் பரிசோதனை மீது எழுந்த ஐயங்கள்

ஸ்டான்போர்ட் கதை உலகம் முழுவதும் பாடநூலில் ஏறியது. சீருடை கொடுத்தால் யாரும் மிருகமாவான் என்பது அதன் படிப்பினையாகச் சொல்லப்பட்டது. இதை அப்படியே ஏற்கமுடியாது என்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன.

ஒன்று, 2007இல் கார்னஹன், மக்ஃபார்லன்ட் என்ற இருவர் இரண்டு விளம்பரங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் 'சிறை வாழ்க்கை பற்றிய' என்ற சொற்கள் இருந்தன. மற்றதில் அவை இல்லை. சிறை என்று கண்டு விண்ணப்பித்தவர்கள், மற்றவர்களை விட ஆக்ரோஷத்திலும் அதிகார மனப்பான்மையிலும் தன்மோகத்திலும் கூடியவர்களாகவும், பிறர் துயரை உணர்வதில் குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். அதாவது இடம் மனிதனை மாற்றுவது போலவே, மனிதனும் தனக்கேற்ற இடத்தைத் தேடிப் போகிறான்.

இரண்டு, பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் திபோ லெ தெக்ஸியே ஸ்டான்போர்டின் பழைய ஒலிப்பதிவுகளையும் கோப்புகளையும் துருவி, 2018இலும் 2019இலும் எழுதினார். காவலர்கள் தாமாகக் கொடியவராகவில்லை, எப்படி நடக்கவேண்டும் என்று அவர்களுக்கு வழிகாட்டப்பட்டது என்று காட்டினார். மெத்தனமாக இருந்த காவலர் ஒருவரிடம், வார்டன் வேடத்தில் இருந்த மாணவர் 'கடுமையாக இருக்கவேண்டும்' என்று வற்புறுத்தும் ஒலிப்பதிவு இன்று வெளியில் உள்ளது. மிகக் கொடூரமாக நடந்த காவலரும், தான் ஒரு பாத்திரத்தை நடித்ததாகவே பின்னர் சொன்னார்.

மூன்று, 2001 டிசம்பரில் பிரித்தானியாவில் ஹஸ்லம், ரைக்கர் என்ற இரு உளவியலாளர்கள் பிபிசியுடன் சேர்ந்து 15 ஆண்களை வைத்து இதே போன்றதொரு சிறையை அமைத்தார்கள். ஆனால் இம்முறை காவலருக்கு எப்படி நடக்கவேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காவலர்கள் அதிகாரத்தைச் செலுத்தவே கூச்சப்பட்டார்கள். தங்களுக்குள் ஒற்றுமைப்படவும் இல்லை. கைதிகள் ஒன்றுசேர்ந்து அந்த ஒழுங்கையே கவிழ்த்துவிட்டார்கள். பின்னர் எல்லோரும் சமமாக வாழ முயன்றதும் சரிவரவில்லை; சிலர் முன்னையதை விடக் கடுமையான ஆட்சியைக் கொண்டுவரத் திட்டமிட்டபோது, எட்டாம் நாளில் ஆய்வு நிறுத்தப்பட்டது.

ஆக, சீருடை தானாக மனிதனைக் கெடுப்பதில்லை. 'இது நல்ல நோக்கத்துக்குத்தான், கடுமையாக இரு' என்று மேலே இருந்து ஒரு குரல் வரும்போதும், 'நாங்கள் ஓர் அணி' என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கவைக்கும்போதும்தான் சாதாரண மனிதன் கொடுமைக்கு இணங்குகிறான்.

உண்மையான சிறையில்

இவையெல்லாம் நாடகச் சிறைகள். உண்மையான சிறையை உள்ளிருந்து பார்த்த நூல்களுள் கிரெஷம் ஸைக்ஸ் 1958இல் எழுதிய 'கைதிகளின் சமூகம்' முக்கியமானது. நியூ ஜேர்சி மாநிலச் சிறையை அவர் ஆராய்ந்தார். காவலருக்கு முழு அதிகாரம் இருக்கிறது என்று வெளியில் இருந்து நாம் நினைக்கிறோம். ஸைக்ஸ் கண்டது வேறு. சில காவலர்கள், நூற்றுக்கணக்கான கைதிகள். தன் பகுதி அமைதியாக இருந்தால்தான் மேலதிகாரியிடம் காவலருக்கு நல்ல பெயர். அந்த அமைதியோ கைதிகளின் கையில் இருக்கிறது. எனவே காவலர் சின்ன விதிமீறல்களைக் காணாததுபோல் விடுகிறார். கைதிகள் பெரிய குழப்பம் செய்யாமல் இருக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே சுவருக்குள் இருப்பதால் நட்பும் வருகிறது. சாவி ஒருவரின் கையில் இருந்தாலும் இருவரும் ஒருவரையொருவர் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

பெருநாளன்று சந்தித்த என் மாணவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "அந்தாள் நம்மட சிறைக்கு வந்திருக்காரா ஸேர்?" என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "முதல் மாசம் ஒருத்தனுக்கு அடிச்சதைக் கண்டு எனக்குச் சோறு இறங்கல்ல. இப்ப இறங்குது. அதுதான் பயமாரிக்கி."

இந்த ஒரு வரியை எந்த ஆளுமை வினாத்தாளிலும் நான் காணவில்லை.

அபூ குறைப்

2004இல் ஈராக்கின் அபூ குறைப் சிறைப் படங்கள் வெளிவந்தபோது நம் வீடுகளிலும் அழுகை கேட்டது. அமெரிக்க அரசு அதை ஒரு சில கெட்ட சிப்பாய்களின் செயல் என்று சொல்லப் பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவரான ஐவன் ஃபிரெடரிக், ஊரில் சிறைக்காவலராக வேலை செய்தவர். அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் அதே ஸிம்பார்டோ. சோதனைகளில் இவரிடம் கொடூர மனம் எதுவும் தெரியவில்லை, சூழலையும் அதை அமைத்த மேலிடத்தையும் விசாரியுங்கள் என்பது அவர் வாதம். ஃபிரெடரிக்குக்கு எட்டு வருடச் சிறை கிடைத்தது. காவலர் கைதியானார்.

மேலிடத்தை விசாரிக்கவேண்டும் என்பதில் ஸிம்பார்டோவுடன் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்தப் படங்கள் வெளியுலகுக்கு எப்படி வந்தன? அதே படைப்பிரிவில், அதே சூழலில் இருந்த ஜோ டார்பி என்ற சிப்பாய் அவற்றை விசாரணையாளரிடம் ஒப்படைத்தார். ஒரே சூழல், ஒரே சீருடை. ஒருவர் இணங்கினார், ஒருவர் மறுத்தார். 'சூழல்' என்பது விளக்கம், மன்னிப்பு அல்ல.

நம் மரபு சொல்வது

இந்த ஆய்வுகளை வாசிக்கும்போது நமது வரலாற்றில் இரண்டு விடயங்கள் மனதில் வந்தன.

நபி யூஸுப் (அலை) அவர்கள் குற்றமற்றவர் என்பதற்கான அடையாளங்களைக் கண்ட பின்பும், நகரத்துப் பெரியவர்கள் அவரைச் சிறையில் இட்டதை அல்குர்ஆன் சொல்கிறது. சிறையில் அவருடைய நற்குணத்தைக் கண்டு சொன்னவர்கள் உடன் இருந்த இரு கைதிகள். மன்னர் அழைத்தபோதும் தன் மீதான பழியை விசாரித்துத் தெளிவாக்காமல் அவர் வெளியே வரவில்லை. கம்பிக்குப் பின்னால் இருப்பதை வைத்துக் குணத்தைக் கணிக்கக்கூடாது என்பதற்கு ஒரு முஸ்லிமுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. வெள்ளிக்கிழமை அந்தச் சூறாவைக் கேட்டு உருகும் நாம், சனிக்கிழமை விளக்கமறியலில் இருப்பவனின் தாயைக் கல்யாண வீட்டில் ஒதுக்கி வைக்கிறோம்.

மற்றையது, இமாம் அபூ யூஸுப் (ரஹ்) கலீபா ஹாரூன் அர்-ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்'. வரி பற்றிய அந்த நூலில் கைதிகள் பற்றியும் ஆலோசனை உண்டு. கைதிகளுக்கு ரொட்டியாகக் கொடுக்கவேண்டாம். கொடுத்தால் சிறைப் பொறுப்பாளர்களும் காவலர்களும் அதை எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கு மாதம் பத்து திர்ஹம் என்று கணக்கிட்டு, நம்பகமான ஒருவரை நியமித்து, பெயர்ப் பட்டியல் வைத்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அவரவர் கையில் கொடுக்கவேண்டும் என்கிறார். குளிருக்கும் வெயிலுக்கும் தனித்தனி உடையும் கொடுக்கச் சொல்கிறார்.

இங்கே இமாம் அவர்கள் நல்ல காவலரைத் தேடுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. காவலர் யாராக இருந்தாலும் கைதியின் உணவு அவர் கையில் சிக்காதபடி ஓர் ஒழுங்கைச் சொல்கிறார். ஸ்டான்போர்டில் பெயரை எடுத்துவிட்டு இலக்கம் கொடுத்தார்கள்; அதற்கு 1100 வருடங்களுக்கும் மேலாக முன்னர் ஓர் இமாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். மனிதனின் பலவீனத்தை அறிந்தவர்தான் அப்படி எழுதமுடியும்.

காவலர் வேலையை இழிவாக்க நான் இதை எழுதவில்லை. அது யாராவது செய்யவேண்டிய வேலை. நம் பிள்ளைகள் செய்தால் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வேலைக்குப் போகும் பிள்ளைக்கு, கொடுமையைக் கண்டால் எங்கே போய் முறையிடலாம், முறையிட்டால் யார் பாதுகாப்பார் என்ற வழி இருக்கவேண்டும். வெளியார் போய்ப் பார்வையிடும் வழக்கம் இருக்கவேண்டும். ஊரில், 'சோறு இறங்குது ஸேர், பயமாரிக்கி' என்று அவர் சொல்லக்கூடிய ஒரு பெரிய மனிதராவது இருக்கவேண்டும். நல்ல குணம் என்பது தனியே நின்று அதிக நாள் தாங்காது.

அந்தத் தாய் மறுநாள் கடிதத்துக்கு வந்தார். எழுதி வைத்திருந்தேன். மகனின் குணம் பற்றி ஒரு பந்தி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். "பண்பானவர்" என்று தொடங்கிவிட்டு வெட்டினேன். பிறகு எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதினேன்: ஆறாம் வகுப்பிலிருந்து பதினொராம் வகுப்புவரை என்னிடம் படித்தார், வாப்பா மௌத்தான பிறகும் இடைவிலகவில்லை, வெளியே வரும்போது அவரைப் பொறுப்பேற்க ஆசிரியர் என்ற முறையில் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

கடைசி வரியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "இன்னொருக்கா" என்றார்.